குளவிக் கூட்டைக் கொளுத்தினால் எது அறுந்துபோகும்? மலையகக் காடுகளின் மீள்திறனும் கூர்ப்பும்

கொழுந்து பறிக்கப் போன மலையில் குளவி கொட்டி, தொழிலாளர்கள் வைத்தியசாலையில். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளை என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறி இந்தச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. செய்தி வந்த மறுநாளே இரண்டு கட்சி கிளம்பிவிடும். கூடுகள் எல்லாவற்றையும் கொளுத்த வேண்டும் என்பது ஒரு கட்சி. தேனீ அழிந்தால் காடே அழிந்துவிடும், கைவைக்காதே என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று உதவி வாழும் இனங்கள் சேர்ந்த சாகியம் ஒன்று அடியைத் தாங்குவது எதனால், அந்தத் தாங்குசக்தியில் கூர்ப்புக்கு என்ன பங்கு என்று பார்க்க வேண்டும்.

விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கூர்ப்பு எந்தக் காட்டையும் காப்பாற்ற முனைவதில்லை. ஒவ்வோர் உயிரியும் தன் சந்ததியைப் பெருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். காட்டின் மீள்திறன் அந்தக் கோடிக்கணக்கான தன்னலக் கணக்குகளின் பக்கவிளைவு. அதே கணக்குகள் சில இடங்களில் காட்டைப் பலவீனப்படுத்தவும் செய்யும்.

முதலில் நாலு சொற்கள்

1. பரஸ்பர உறவு: இரண்டு இனங்கள் சேர்வதால் இரண்டுக்குமே சந்ததி பெருகும் உறவு. பூவும் தேனீயும், பழமும் பறவையும், அவரையினச் செடியும் அதன் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாவும் இதற்குள் வரும். இதில் நட்போ தியாகமோ கிடையாது. செலவைவிட வரவு கூடினால் உறவு நீடிக்கும், குறைந்தால் தேயும்.

2. மீள்திறன்: வறட்சி, நோய், காட்டுத்தீ, ஓர் இனத்தின் இழப்பு போன்ற அடி விழுந்த பின் சாகியம் தன் வேலையைத் தொடரும் ஆற்றல். பூ காய்க்க வேண்டும், விதை பரவ வேண்டும். அதே இனங்கள் அதே எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3. கூர்ப்பு: குடித்தொகை ஒன்றின் பரம்பரை இயல்புகள் தலைமுறை தலைமுறையாக மாறுவது. வருடக் கணக்கைவிடத் தலைமுறைக் கணக்கே இங்கு முக்கியம். இது பின்னால் பெரிய விஷயமாக வரப்போகிறது.

4. இணைக்கூர்ப்பு: ஓர் இனம் மாற, அதற்கு ஈடுகொடுத்து மற்றதும் மாற, அந்த மாற்றம் திரும்பவும் முதலாவதைத் தள்ளுவது.

ஒரே பெயருக்குள் இரண்டு பிராணிகள்

தோட்டங்களில் 'குளவி' என்கிற சொல் குறைந்தது இரண்டு வேறுபட்ட பிராணிகளை மூடி வைத்திருக்கிறது. சிங்களத்தில் பம்பரா என்றும் தெபரா என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நம் செய்திகளில் இரண்டுமே குளவிதான். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது பெருந்தேனீ, மலைத்தேனீ என்றும் சொல்வார்கள். உயர்ந்த மரக்கிளையின் அடியிலோ பாறை விளிம்பிலோ ஒற்றை அடை திறந்தவெளியில் தொங்கும். அடை ஒரு மீற்றர் அகலம்வரை போகும். அதன்மேல் தேனீக்கள் பல அடுக்காகப் போர்வைபோல மூடிக்கொண்டிருக்கும். கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் போன்ற ஒரு மணம் வந்தால், அது மற்றத் தேனீக்களை வரவழைக்கும் அபாய அறிவிப்பு. மூடிய பொந்துக்குள் வாழாத இனம் என்பதால் இவ்வளவு கடுமையான தற்காப்பு. தேன்பருந்து அடையைத் தாக்கினாலும், காற்றில் கிளை முறிந்தாலும், சிறுவன் ஒருவன் கல்லெறிந்தாலும் கீழே பறித்துக்கொண்டிருப்பவர்தான் அகப்படுவார்.

இரண்டாவது உண்மையான குளவி. மரத்தைச் சுரண்டி மென்று, கடதாசி போன்ற பொருளால் உருண்டைக் கூடு கட்டும். தேன் சேர்க்காது. புழுவையும் பூச்சியையும் வேட்டையாடித் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஒரே குளவி பல தடவை கொட்டும்.

மகரந்தச்சேர்க்கை என்ற வேலையில் இரண்டும் சமமல்ல. மலையகக் காட்டின் உறவு வலையில், அதாவது எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி என்ற பின்னலில், பெருந்தேனீயின் இடம் மிகப் பெரியது. அது ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. பூக்காலத்தைத் துரத்திக்கொண்டு தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கிறது. இலங்கையில் இந்த இடப்பெயர்வைக் கோனிகர் தம்பதியர் 1980 இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். இந்த இனத்தின் கூட்டங்கள் மாதங்கள் கழித்துப் பழைய மரத்துக்கே திரும்பி வருவதும் மரபணுச் சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே மஸ்கெலியாவில் ஓர் அடையைக் கொளுத்துகிறவர் மஸ்கெலியாவின் பூக்களை மட்டும் தொடவில்லை. அந்தக் கூட்டம் அடுத்த பருவத்தில் போகவேண்டிய தாழ்நிலக் காட்டிலும் ஒரு நூல் அறுகிறது.

வலை எந்த வடிவில் இருக்கிறது

ஓர் இனம் போனால் எத்தனை இனம் கூடப் போகும்? இது வலையின் வடிவத்தைப் பொறுத்தது. ஒரு சின்னக் கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு செடிகள், நான்கு பூச்சிகள்.

1. தேனீ: நான்கு செடிகளுக்கும் போகும்.
2. பூ-ஈ: முதல் மூன்றுக்குப் போகும்.
3. வண்டு: முதல் இரண்டுக்குப் போகும்.
4. அந்துப்பூச்சி: முதலாவதுக்கு மட்டும் போகும்.

எவர்சில்வர் அடுக்குச் சட்டிகள்போல, சிறியவற்றின் பட்டியல் பெரியவற்றின் பட்டியலுக்குள் அடங்கி இருக்கிறது. இதை உள்ளடுக்கு அமைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்துப்பூச்சியை எடுங்கள். எந்தச் செடிக்கும் ஒன்றும் ஆகாது. வண்டையும் எடுங்கள், பூ-ஈயையும் எடுங்கள். தேனீ ஒன்றே மிச்சம், இருந்தும் நான்கு செடிகளும் காய்க்கின்றன. அதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். தேனீயை முதலில் எடுத்தால் நான்காம் செடி உடனே தனித்துப்போகும். அடுத்து ஈ போனால் மூன்றாவது, வண்டு போனால் இரண்டாவது, கடைசியில் முதலாவது. ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி கட்டிய வலையில் எந்த வரிசையில் எடுத்தாலும் ஒவ்வோர் இழப்புக்கும் ஒரு செடி போகும்.

உள்ளடுக்கு வலை அரியவற்றின் இழப்பைத் தாங்கும். தேனீபோலப் பலவற்றோடு தொடர்புகொண்டு நடுவில் இருப்பவற்றின் இழப்பைத் தாங்காது. இயற்கையில் தன்பாட்டில் முதலில் மறைபவை பெரும்பாலும் அரியவையே. தீப்பந்தத்தோடு போகிற மனிதர் தேடிப்போவதோ ஊருக்கெல்லாம் தெரிகிற, எண்ணிக்கை மிகுந்த நடு இனத்தை. கூட்டைக் கொளுத்துவது பற்றிய வாதத்தில் என் கணிப்பில் இதுவே முக்கிய புள்ளி.

இந்த வடிவம் கற்பனை மட்டுமல்ல. 1972 இல் றொபர்ட் மே ஒரு கணிதப் பிரச்சினையைக் கிளப்பியிருந்தார். இனங்களையும் உறவுகளையும் கண்டபடி கூட்டிக்கொண்டே போனால் அமைப்பு உறுதியாவதற்குப் பதில் குலையும் என்று காட்டினார். அப்படியானால் இத்தனை உறவு நெருங்கிய காடுகள் நிற்பது எப்படி? கண்டபடி கோக்கப்படாததால். 2003 இல் ஜோர்டி பஸ்கொம்ப்டே குழுவினர் உலகின் பல இடங்களில் பதிவான பூ-பூச்சி, பழம்-பறவை வலைகளை ஒப்பிட்டு, அவை மீண்டும் மீண்டும் உள்ளடுக்கு வடிவில் இருப்பதைக் காட்டினார்கள்.

நடு இனம் எல்லாம் வல்லது என்றும் எண்ணிவிடக்கூடாது. தக்காளி, கத்தரி, மலைச்சரிவில் ஊதாநிறத்தில் பூக்கும் போவிட்டியா ஆகியவற்றின் மகரந்தப்பை நுனியில் ஒரு சிறு துளைதான் இருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவிட்டால்தான் மகரந்தம் கொட்டும். அடை கட்டும் தேனீ இதைச் செய்வதில்லை. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு செய்கிறது. நம்மவர் வண்டு என்று சொன்னாலும் அதுவும் ஒரு தேனீ இனமே. நுவரெலியாப் பக்கத்தில் பொலித்தீன் கூடாரத்துக்குள் தக்காளி போடுகிறவர்கள் பூங்கொத்தையோ தாங்கு கயிற்றையோ தட்டி விடுவது இதனால்தான். உள்ளே காற்றும் இல்லை, கருவண்டும் இல்லை. ஆகவே தேன்பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் மகரந்தச்சேர்க்கை முடிந்தது என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கையே போடுகிறார்கள்.

கூர்ப்பு இந்த வலையை எப்படி நெய்தது

மூன்று வழிகள் தெளிவாகத் தெரிகின்றன.

1. அளவு பொருந்துதல். ஆழமான குழல் பூவின் அடியில் இருக்கும் தேனைக் குறுகிய நாக்கு எட்டாது. நீண்ட நாக்குக்கோ ஆழமான பூவும் சரி, தட்டையான பூவும் சரி. இந்தச் சமச்சீரின்மை ஒன்றே பட்டியலுக்குள் பட்டியல் அடங்குவதற்குப் போதும். சில இணைப்புகள் உடலமைப்பால் நடக்கவே முடியாதவை, வலை அவற்றைச் சுற்றித்தான் வளர்கிறது.

2. நம்பகமான பங்காளியைப் பிடித்தல். ஒரே வகைப் பூவை மட்டும் நம்பிப் பிழைக்கும் பூச்சிக்கு, அந்தப் பூ அரியதாக இருந்தால் ஒரு வறட்சியில் கதை முடிந்தது. அப்படிப் பந்தயம் கட்டிய வம்சங்கள் அழிந்துபோயின. எங்கும் கிடைக்கிற பூவோடு ஒட்டிக்கொண்ட வம்சங்கள் மிஞ்சின. ஆகவே இன்று நாம் காணும் வலையில், ஒன்றிரண்டு துணையோடு மட்டும் பழகும் சிறத்தல் அடைந்த இனங்கள், பலவற்றோடும் பழகும் பொது இனங்களையே சார்ந்து நிற்கின்றன. இது திட்டமிட்ட பாதுகாப்பு ஏற்பாடுபோலத் தோன்றும். தோற்றவர்கள் பட்டியலில் இல்லாததால் வரும் தோற்றம் அது.

3. ஒருங்கல். உறவே இல்லாத செடிகள் ஒரே பூச்சிக்கு ஏற்ப நிறத்திலும் மணத்திலும் வடிவத்திலும் ஒத்துவருவது. நடு இனமான தேனீ சுற்றியிருக்கும் செடிகளையெல்லாம் தன் பக்கம் இழுக்கிறது. புதிதாக வரும் ஒரு செடி அந்த அச்சில் பொருந்திவிட்டால் வலையில் இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது வழியில்தான் அந்நியச் செடிகள் நுழைகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் முட்செடியான கோர்ஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்கென்று புதிதாக ஒரு பூச்சி கூர்ப்படையத் தேவை இருக்கவில்லை. தேனீ பூவை எடுத்துக்கொண்டது, மண்ணின் பற்றீரியா வேரை எடுத்துக்கொண்டது. தாழ்ந்த சரிவுகளில் கிளிடீமியா என்ற அந்நியப் புதரின் கருநீலப் பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையைப் பரப்புகின்றன. வலையைத் தாங்கி நிற்கும் அதே பொது இனங்களே களையையும் தாங்குகின்றன. காட்டுக்கு உறுதி தருவது ஒன்று, களைக்குக் கதவு திறப்பதும் அதுவே.

ஏமாற்றுகிறவர்களும் அபராதமும்

பரஸ்பர உறவின் நிரந்தரப் பிரச்சினை கொடுக்காமல் வாங்குகிறவன். பூவின் அடியைக் கிழித்து, மகரந்தத்தைத் தொடாமலே தேனை உறிஞ்சும் கருவண்டைக் கவனித்தால் தெரியும். தக்காளிப் பூவுக்கு உதவியவரும் அவரே, நீண்ட குழல் பூவிடம் திருடுகிறவரும் அவரே. இப்படி ஏமாற்றுவது இலாபம் என்றால் எல்லாரும் ஏமாற்றி உறவு ஏன் குலைந்துபோகவில்லை?

இதைத் துல்லியமாக அளந்தது அவரையினச் செடியில்தான். அவற்றின் வேர்முடிச்சுக்குள் றைசோபியம் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கிறது. செடி அதற்குச் சீனி கொடுக்கிறது. 2003 இல் டொபி கியர்ஸ் குழுவினர் சோயா வேர்முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றிலிருந்து நைதரசனை நீக்கிவிட்டு, ஆகன் வாயுவும் ஒட்சிசனும் கலந்து கொடுத்தார்கள். பற்றீரியா விரும்பினாலும் வேலை செய்ய முடியாத நிலை. செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஏமாற்றுக்காரன். செடி அந்த முடிச்சுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்தது. அந்தப் பற்றீரியாவின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. வேலை செய்யாதவனுக்குப் பங்கைக் குறைக்கும் இந்த அபராதம் இருக்கும்வரை நல்ல பற்றீரியாவை இயற்கைத் தேர்வு தாங்கிப்பிடிக்கும்.

அபராதம் எப்போது தளரும்? செடிக்கு நைதரசன் வேறு வழியில் தாராளமாகக் கிடைக்கும்போது. அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் நைதரசன் உரமிட்ட வயல்களிலிருந்தும் உரமிடாத வயல்களிலிருந்தும் பற்றீரியாவை எடுத்துக் குளோவர் செடிகளில் ஒப்பிட்டார்கள். உரமிட்ட வயலின் பற்றீரியாவோடு வளர்ந்த செடிகள் 17 முதல் 30 வீதம் வரை எடை குறைந்திருந்தன. இந்த ஆய்வு 2015 இல் வெளியானது. பற்றீரியா அங்கே காணாமல் போகவில்லை. இருந்தது, ஆனால் சோம்பேறியாகக் கூர்ப்படைந்திருந்தது.

மலையக மரக்கறிச் செய்கைக்கு இதன் பொருள் பெரியது. 2021 இல் இரசாயன உரத் தடை வந்தபோது, உரத்தை நிறுத்தினால் மண்ணின் நுண்ணுயிர்கள் தாமே வேலையைப் பொறுப்பெடுக்கும் என்று பலர் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. பல ஆண்டுகள் நைதரசன் மிகுந்த மண்ணில் தேர்வு எந்தத் திசையில் ஓடியிருக்கும் என்பதை அந்தப் பேச்சு கணக்கில் எடுக்கவே இல்லை. உரம் நின்ற அன்றே நல்ல பற்றீரியா முளைத்துவிடாது. தேர்வு திரும்பவும் எதிர்த்திசையில் ஓட அதற்குத் தலைமுறைகள் வேண்டும், வெளியிலிருந்து நல்ல வகைகள் வந்து சேரவும் வேண்டும்.

போஞ்சி, பயறு, கிளிரிசிடியா எதுவாக இருந்தாலும் முடிச்சு வேலை செய்கிறதா என்று கையாலேயே பார்க்கலாம்.

1. பூக்கத் தொடங்கும் பருவத்தில் இரண்டு மூன்று செடிகளை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.

2. வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மண்ணைக் கரையுங்கள். குழாயடியில் பிடித்தால் சின்ன முடிச்சுகள் கழன்றுபோகும்.

3. முடிச்சை நகத்தால் இரண்டாகப் பிளவுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. நம் குருதியின் செந்நிறப் பொருளுக்கு உறவான ஒரு புரதமே அந்த நிறம், ஒட்சிசனை அளந்து கொடுப்பது அதுதான். வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது தொடங்கப்போவதே இல்லை. பச்சை, பழுப்பு என்றால் காலம் முடிந்தது.

4. முடிச்சே இல்லை என்றால் முதலில் அமிலத்தன்மையைச் சந்தேகிக்கவும். தேயிலைக்கு ஏற்ற 4.5 முதல் 5.5 வரையான பீஎச், பல றைசோபிய வகைகளுக்குக் கடினமான இடம். அடுத்து அண்மையில் போட்ட யூரியாவைச் சந்தேகிக்கவும். போஞ்சி மற்ற அவரையினங்களைவிட இந்த வேலையில் மட்டமானது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறுகக் கட்டிய ஜோடிகள்

உள்ளடுக்கு வலைக்கு எதிர்முனையில் ஒருவருக்கு ஒருவர் என்று கட்டுண்ட உறவுகள் உண்டு. கோயிலடி அரசமரமும் அதற்கே உரிய சிறு குளவியும் அப்படி. நாம் பழம் என்று சொல்வது உள்ளே பூக்களை அடைத்து வைத்த ஒரு பை. பெண்குளவி நுனித் துளைக்குள் நெருக்கி நுழையும்போதே இறகுகள் பிய்ந்துவிடும், வெளியே வர வழியில்லை. வளர்ந்த குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒப்பந்தம் நடக்கிறது. இவ்வளவு இறுக்கமான உறவு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், மரங்கள் ஒரே காலத்தில் காய்க்காமல் ஆளுக்கொரு மாதத்தில் காய்ப்பதும், காற்று அந்தக் குளவியைப் பல கிலோமீற்றர் தூக்கிச் செல்வதும். எட்டும் தூரத்திலுள்ள மரங்களை வெட்டிக் குறைத்தால் ஒரு கட்டத்தில் சங்கிலி அறும், மிஞ்சிய மரங்கள் என்னதான் செழிப்பாக நின்றாலும்.

தேயிலைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த இன்னொரு ஜோடி இருக்கிறது, உறவு என்று யாரும் அதை நினைப்பதில்லை. ஷொட் ஹோல் போரர் என்ற துளைவண்டு. இரண்டு மில்லிமீற்றர் சொச்சம் நீளம். கவ்வாத்துக்குப் பின், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிட்ட பின், துளிர்த்துத் தடித்துவரும் கிளையில் குண்டூசி குத்தியதுபோல ஒரு துளை, உள்ளே வளையமாக ஓடும் சுரங்கம். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாயின் வாய்ப்பகுதியில் ஒரு சிறு பை இருக்கிறது, அதில் பங்கசு வித்திகள். சுரங்கச் சுவரில் பங்கசைப் பயிரிட்டு, அதையே குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. இந்தப் பங்கசை 1947 இல் காட், லூஸ் இருவரும் இலங்கைத் தேயிலையிலிருந்தே விவரித்தார்கள். கிளை சுரங்கத்தின் இடத்தில் முறிவதும், காயத்தின் வழியே உளுத்துப்போவதும் இந்தக் கூட்டுத்தொழிலின் விலை.

இந்த ஜோடியின் இறுக்கம் எங்கிருந்து வருகிறது? பங்கசு தாயிடமிருந்து மகளுக்கு நேரடியாகப் போகிறது. மகள் செழித்தால் பங்கசும் செழிக்கும், ஏமாற்ற இடமில்லை. ஆண்வண்டுகள் பறப்பதில்லை. பெண்கள் பிறந்த சுரங்கத்துக்குள்ளேயே சகோதரனோடு கூடிவிட்டு வெளியேறுகின்றன. ஆகவே ஒரே ஒரு பெண், வாயில் தன் பங்கசோடு, புது நாட்டில் முழுக் குடித்தொகையை ஆரம்பித்துவிடலாம். இதே வண்டுக் குழுவின் உறவினங்கள் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் அவகாடோ மரங்களைப் பிடித்தது அப்படித்தான். மீள்திறன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நல்ல விஷயம் என்று தலையாட்டுகிறவர்கள் கவ்வாத்து மலை ஒன்றில் நின்று ஒரு கிளையைப் பிளந்து பார்க்க வேண்டும்.

தலைமுறைக் கடிகாரங்கள்

நெலு என்று சிங்களத்தில் சொல்லும் செடிகள் நம் குறிஞ்சியின் உறவுகள். மூணாறிலும் நீலகிரியிலும் 2006 இலும் 2018 இலும் பூத்த நீலக்குறிஞ்சி போலவே, ஹோர்ட்டன் சமவெளியில் சில நெலு இனங்கள் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகின்றன. விதைதின்னிகள் வயிறு நிரம்பிய பின்னும் மிச்சம் இருக்கும் அளவுக்கு ஒரே தடவையில் கொட்டுவது இதன் உத்தி. இடைப்பட்ட ஆண்டுகளில் பூச்சிகள் வேறு பூக்களில் பிழைக்க வேண்டும். அதாவது நெலுவின் வெற்றி நெலு பூக்காத ஆண்டுகளின் காட்டைச் சார்ந்திருக்கிறது.

கூர்ப்புக் கணக்கில் பாருங்கள். 12 ஆண்டுத் தலைமுறை என்றால் நூறு தலைமுறைக்கு 1,200 ஆண்டு. துளைவண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை, நூறு தலைமுறைக்குப் பத்து ஆண்டு பிடிக்காது. ஒரே சூடேற்றத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் மாற முடியாது.

2017 இல் போலோ கிமராய்ஸ் குழுவினர் காட்டியது இன்னும் கவலைக்குரியது. பெரிய வலைகளில் ஓர் இனத்தின் இயல்பை வடிவமைப்பதில், அது நேரே பழகாத இனங்களின் மறைமுகத் தாக்கமும் பெரும் பங்கு வகிக்கிறது என்பது அவர்கள் மாதிரியுருவின் முடிவு. செடி மாற, தேனீ மாற, தேனீயோடு பழகும் பத்துச் செடிகள் மாற, அந்த அலை திரும்பி முதல் செடிக்கே வரும். சூழல் மெல்ல மாறினால் இது எல்லாரையும் ஒத்துவரச் செய்யும். வேகமாக மாறினால் அலைகள் ஒன்றோடொன்று முட்டி, ஒவ்வோர் இனமும் புதிய நிலைக்கு வந்துசேரும் காலம் நீண்டுபோகும். நெருக்கமாகப் பின்னிய வலை சாதாரண அடியைத் தாங்குகிறது, ஓயாத வேகமான மாற்றத்துக்குத் தடுமாறுகிறது.

மலையகத்துக்கு இதில் உயரம் என்ற எல்லையும் உண்டு. 100 மீற்றர் ஏறினால் சுமார் 0.65 பாகை குறையும். ஆகவே ஒரு பாகை சூடேறினால் பழைய குளிரைத் தேடி ஓர் இனம் ஏறத்தாழ 150 மீற்றர் மேலே போக வேண்டும். நுவரெலியா நகரம் 1,870 மீற்றர் அளவில், பீதுருதாலகால உச்சி 2,524. இடையில் 650 மீற்றர், நாலு பாகைக் கணக்கு. உச்சியை நெருங்க நெருங்க நிலப்பரப்பும் சுருங்கும். பறவை தின்ற விதை ஒரே நாளில் ஒரு முகட்டைத் தாண்டும். அந்த மரத்தின் வேரோடு வாழும் பங்கசு அவ்வளவு தூரம் போக எத்தனையோ காலம் பிடிக்கும். பங்காளிகள் வழியிலேயே பிரிந்துபோவார்கள்.

தோட்டத்திலும் ஓடைக்கரையிலும்

நாடு முழுவதும் சுமார் இரண்டு இலட்சம் ஹெக்டேயர் தேயிலை இருக்கிறது. கொழுந்து கிள்ளிக்கொண்டே இருப்பதாலும் சில ஆண்டுக்கொரு கவ்வாத்தாலும் அதில் பூ மிகக் குறைவு. புதுத் தேயிலை பெரும்பாலும் துண்டுபோட்டு வளர்த்த ஒரேமாதிரிக் கன்று, அதற்குப் பூச்சியும் வேண்டாம். பார்வைக்குப் பச்சை, வலையின் கணக்கில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையைக் கடக்கும் பாலங்கள் ஓடைக்கரைப் பற்றைகளும் லயத்தைச் சுற்றிய மரங்களும்தான். அந்தப் பாலங்களைப் பலப்படுத்தச் செய்யும் வேலையில் வழமையாகப் பிசகுபவை இவை:

1. அரிய செடியில் தொடங்குவது. அதற்குத் துணையான பூச்சி வர முதலில் பொதுப் பூக்கள் வேண்டும். எந்த மாதத்திலும் குறைந்தது மூன்று வகையாவது பூவில் இருக்கும்படி முதலில் நடுங்கள். பூ அற்ற ஓரிரு மாதங்கள் வந்தாலே கூட்டங்கள் இடம்பெயர்ந்துவிடும்.

2. காய்ந்த கட்டைகளை எல்லாம் விறகாக்குவது. கருவண்டுக்கு வீடு அதுதான்.

3. கோர்ஸை ஒரே மூச்சில் பிடுங்குவது. தேனீ அதைச் சார்ந்து பழகிவிட்ட இடத்தில் உள்ளூர்ப் பூ தலையெடுக்கும்வரை பகுதி பகுதியாக அகற்றலாம். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடக்கூடாது, அதன் விதை மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும்.

4. எங்கிருந்தோ கன்று கொண்டுவருவது. மத்திய மலைத்தொகுதியும் நக்கிள்ஸும் றக்வானையும் நீண்டகாலம் பிரிந்து நின்றவை. ஹோர்ட்டன் சமவெளியின் கொம்பு ஓணான் ஓர் இனம், நக்கிள்ஸில் இருப்பது இலைபோன்ற மூக்குள்ள வேறோர் இனம், றக்வானையில் இருப்பவை மீண்டும் வேறு. செடிகளிலும் உள்ளூர்ப் பொருத்தம் அப்படிப் பிரிந்திருக்கலாம். விதையை அதே மலைத்தொகுதியில், நடும் இடத்தின் உயரத்துக்கு நெருங்கியதாகவோ 150 மீற்றர் அளவு கீழிருந்தோ எடுப்பது நல்லது. கீழிருந்து வருவது கொஞ்சம் சூட்டுக்கு ஏற்கெனவே பழகியது.

5. அடை இருக்கும் மரத்தின் கீழ் வழமைபோலக் கொழுந்துக்கு ஆள் அனுப்புவது. பெருந்தேனீ பருவத்தோடு போய்விடும், பழைய மரத்துக்கே திரும்பவும் வரும். ஆகவே எந்த மரம், எந்த மாதம் என்று தோட்டத்தில் ஒரு குறிப்பேடு இருந்தால் அந்த வாரங்களில் அந்த மலையைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், புல்வெட்டும் இயந்திரத்தையும் புகையையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் விடலாம். லயத்துக்கு மேலேயோ பாடசாலை வாசலிலோ கட்டியிருந்தால் அகற்றத்தான் வேண்டும், அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். உருண்டைக் கடதாசிக் கூடு என்றால் பருவத்தோடு போய்விடும் என்று காத்திருப்பதில் பயனில்லை, ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் முதலில் எடுக்கவேண்டியது அதைத்தான்.